மூன்றாம் நம்பரில் முதல் பீஸ்

துலுக்கானத்தைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் மண்ணூர்பேட்டையில் இரண்டு பேர் சிரித்தார்கள். சிலை வைக்கிற மாதிரி அவர் என்ன செய்துவிட்டார் என்று கேட்டார்கள். ஒன்றும் செய்யவில்லைதான். இருபத்தாறு வருஷம் ஒரே ஷெட்டில் வேலை பார்த்தார், தொண்ணூற்றெட்டில் ஓய்வு பெற்றார். நடுவில் ஒரு பெரிய தப்பு செய்தார். அதை நாலு பேர் முன்னால் வாயைத் திறந்து ஒத்துக்கொண்டார். அம்பத்தூர் இண்டஸ்டிரியல் எஸ்டேட்டில் தப்பு செய்யாத ஆளை நான் பார்த்ததில்லை. ஒத்துக்கொண்ட ஆளையும் அதிகம் பார்த்ததில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். என் பெயர் லட்சுமணன். அதே கம்பெனியில் ஸ்டோரையும் டைப்ரைட்டரையும் பார்த்துக்கொண்டவன்.

துலுக்கானத்தின் அப்பாவுக்கு அயனம்பாக்கம் ஏரிப் பாசனத்தில் கூலி வேலை. எஸ்டேட் வந்து வயல்கள் போனபோது, நிலம் வைத்திருந்தவர்கள் வருத்தப்பட்டார்கள். கூலிக்காரர்களுக்கு என்ன வருத்தம்? சம்பளம் வந்தது, ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு கிழமை வந்தது. "சேத்துல நின்ன காலுக்கு ஷூ மாட்டிவுட்டதே கம்பெனி தான்யா" என்பார் துலுக்கானம். அந்த ஷூவை அவர் துடைக்கிற அழகைப் பார்த்தால் அது பொய்யில்லை என்று தெரியும்.

எங்கள் ஷெட்டில் பதினொரு பிரஸ்கள். தகட்டை உள்ளே வைத்து, காலால் பெடலை மிதித்தால், மேலேயிருந்து இரும்பு இறங்கி அதை வெட்டும் அல்லது வளைக்கும். எந்த வடிவம் வேண்டுமோ அதற்கான அச்சு, டை என்போம், அதை மெஷினில் பொருத்தி, சோதித்து, ஆளிடம் ஒப்படைக்கிறவர் செட்டர். துலுக்கானம் அந்த வேலையில் கெட்டிக்காரர். கோபக்காரரும்கூட. டையை யாராவது தரையில் தொப்பென்று வைத்தால், "உங்க மாமனார் ஊட்டு சீதனமாடா?" என்று ஷெட் முழுக்கக் கேட்கும்படி கத்துவார்.

முதலாளி ஜானகிராமன் கெட்டவர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். டிப்ளமோ படித்துவிட்டு, இரண்டு பழைய பிரஸ்களோடு எழுபத்திரண்டில் ஆரம்பித்தார். காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு எங்களோடு கிரீஸில் புரண்டவர். துலுக்கானத்தின் மகளுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது ஸ்கூட்டரில் வைத்துக் கீழ்ப்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அவர்தான். ஆர்டர் இல்லாத மாதங்களில், "பொறுத்துக்குங்கப்பா, நான் இருக்கேன்" என்பார். அந்த ஒரு வார்த்தைக்கு எல்லோரும் பொறுத்துக்கொண்டார்கள். பக்கத்துக் கம்பெனிகளில் சங்கக் கொடி ஏறியது, எங்கள் கேட்டில் ஏறவில்லை. சங்கம் வைக்கலாம் என்று வந்தவர்களைத் துலுக்கானமே டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பினார். "எங்களுக்கு இன்னாத்துக்கு சங்கம்? அதான் முதலாளி கீறாரே" என்று பெருமையாகச் சொன்னது என் காதிலேயே விழுந்தது.

எண்பத்தொன்பதில் ஒரு பெரிய ஸ்கூட்டர் கம்பெனியின் ஆர்டர் வந்தது. அதற்கு முந்தைய வருஷமே ஷெட்டின் ஓரத்தில் கண்ணாடி அறை ஒன்று கட்டி, முதலாளி அதற்குள் போய் உட்கார்ந்துவிட்டார். காக்கிச் சட்டை போய் டெரிகாட்டன் வந்தது. அதெல்லாம் பரவாயில்லை, வளர்கிறவன் சட்டை மாற்றத்தான் செய்வான். ஜூன் மாதம் ஒரு நாள் துலுக்கானத்தை உள்ளே கூப்பிட்டார்.

"துலுக்கானம், ஒரே ஒரு வாரம். ஒண்ணு, மூணு, நாலு, இந்த மூணு மெஷின்லயும் கார்டைக் கழட்டிடு. மணிக்கு இருநூறு பீஸ் கூட வரும்."

கார்டு என்பது பிரஸ்ஸின் முன்னால் இறங்கும் கம்பிக்கூண்டு. அது மூடினால்தான் மேல் இரும்பு இறங்கும். கை உள்ளே இருந்தால் கூண்டு மூடாது, இரும்பும் வராது. கழற்றிவிட்டால் வேகம் கூடும், அவ்வளவுதான்.

"கை கீது முதலாளி உள்ள" என்றார் துலுக்கானம்.

"பழகின ஆளுங்கதானே? என் பொறுப்பு. நான் இருக்கேன்ல?"

துலுக்கானம் தன் ஸ்பானராலேயே மூன்றையும் கழற்றி என் ஸ்டோரில் கொண்டுவந்து வைத்தார். ஒரு வாரம் இரண்டு மாதமாயிற்று. ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், மூன்றாம் நம்பரில் உத்தமனின் வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. ஆள்காட்டி விரலும் நடுவிரலும். ஆவடிப் பக்கம் பருத்திப்பட்டு ஆள், இருபத்தெட்டு வயது, எங்கள் ஷெட்டிலேயே நிதானமான கை அவனுடையது. முதலாளி ஓடிவந்து அவனைத் தன் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார். சீட்டெல்லாம் ரத்தம். அதையும் மறைக்கக் கூடாது.

மறுநாள்தான் எல்லாம் கெட்டது. முதலாளி என்னைக் கூப்பிட்டு, விபத்து பற்றிய ரிப்போர்ட்டை இங்கிலீஷில் சொல்லச் சொல்ல டைப் அடிக்கச் சொன்னார். அடித்தேன். "தொழிலாளி அனுமதியில்லாமல் தானாகவே கார்டைக் கழற்றிவிட்டார்" என்ற வரி வந்தபோது என் விரல் நின்றது. முதலாளி என் முகத்தைப் பார்த்தார். நான் அந்த வரியையும் அடித்தேன். கல்யாணமாகி ஆறு மாதம் ஆகியிருந்தது எனக்கு, அதைச் சாக்காகச் சொல்லிக்கொண்டேன்.

கீழே சாட்சிக் கையெழுத்து துலுக்கானத்துடையது. அவர் எட்டாவது வரை தமிழில் படித்தவர், இங்கிலீஷ் தெரியாது. "ஆஸ்பத்திரிப் பேப்பர்தாம்பா, சீக்கிரம் போகணும்" என்றார் முதலாளி. என்ன எழுதியிருக்கிறது என்று துலுக்கானம் கேட்கவில்லை. பதினேழு வருஷம் பழகின மனுஷனிடம், படித்துக் காட்டுங்கள் என்று கேட்டால் அது சந்தேகப்படுவதாக ஆகிவிடும், மரியாதையில்லை என்பது அவர் நினைப்பு. எங்கள் ஷெட்டில் எல்லோருக்குமே அதுதான் நினைப்பு. பேனாவை எடுத்துக் கொடுத்தது நான்.

விபத்தை விசாரிக்கப் பெரிய அதிகாரி ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போகிற வரைக்கும் கார்டுகள் மூன்றும் மெஷினில் இருந்தன. வெளியிலிருந்து கூட்டிவந்த ஒரு மெக்கானிக் அவற்றை மாட்டினான். அதிகாரி போன மறுவாரம் அவனே கழற்றினான். மூன்றும் திரும்ப என் ஸ்டோருக்கு வந்தன. துலுக்கானம் பார்த்தார். ஆர்டர் முடிகிற வரைக்கும்தான் என்று முதலாளி சொன்னதை அப்போதும் நம்பினார். நம்பிக்கை என்பது அவ்வளவு சீக்கிரம் செத்துவிடாது, அதுதான் அதிலுள்ள கஷ்டமே.

செப்டம்பரில் உத்தமனுக்கு வீட்டுக்கு ஒரு கடிதம் போயிற்று. ஒழுங்கு மீறிக் கார்டைக் கழற்றிய உன்னை ஏன் வேலையிலிருந்து நீக்கக் கூடாது, பதில் சொல். கூடவே சாட்சிக் கையெழுத்தோடு அந்த ரிப்போர்ட்டின் நகல். உத்தமனின் மனைவி புஷ்பா பத்தாவது படித்தவள், எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டை தைக்கிறவள். எழுத்துக் கூட்டி அர்த்தம் பண்ணிப் படித்துவிட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் பிடித்து மண்ணூர்பேட்டைக்கு வந்து துலுக்கானத்தின் வாசலில் நின்றாள்.

"இன்னா அண்ணாத்தே, நல்லா கீறியா? பத்து விரலும் நல்லா கீதா?"

துலுக்கானத்துக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளே வாம்மா என்றார். அவள் வரவில்லை. தெருவில் நின்றபடியே காகிதத்தை விரித்து, வரி வரியாகத் தமிழில் சொன்னாள்.

"நான் இப்டி சொல்லவே இல்லம்மா" என்றார்.

"கையெழுத்து யாருது?"

"என்னுது தான்."

"அப்ப நீ சொன்னதா தான் அர்த்தம். என் ஊட்டுக்காரரு வெரல் போனதுக்குக்கூட அழுவல அண்ணாத்தே. உன் கையெழுத்தப் பாத்துட்டு அழுதாரு."

இதைத் துலுக்கானமே பிற்பாடு என்னிடம் சொன்னார். சொல்லும்போது தலை குனிந்திருந்தது.

திங்கட்கிழமை காலை ஸ்டோர் கதவைத் திறப்பதற்குள் என் எதிரில் வந்து நின்றார்.

"லட்சுமணா, நீ தானே அடிச்ச?"

"ஆமாண்ணே."

"இன்னா எழுதிக்கீதுன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சிகினு தான் பேனாவ குடுத்தியா?"

அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் அடிக்கவில்லை, திரும்பிக் கண்ணாடி அறைக்குப் போனார். கதவைச் சாத்தவுமில்லை. எனக்கு எல்லாம் கேட்டது.

அந்த ரிப்போர்ட்டை மாற்றி எழுத வேண்டும், உத்தமன் திரும்ப வேலைக்கு வர வேண்டும் என்றார் துலுக்கானம். முதலாளி பொறுமையாகத்தான் பேசினார். மாற்றி எழுதினால் கேஸ் வரும், ஆர்டர் போகும், நாற்பது குடும்பம் நடுத்தெருவில் நிற்கும், உத்தமனுக்கு வேண்டியதைத் தனியாகச் செய்துவிடுகிறேன் என்றார்.

"அவன் தனியா ஒண்ணும் கேக்கல முதலாளி. அவன் தப்பு பண்ணலன்னு நீங்க சொல்லணும். அவன் வேலய குடுக்கணும். அவ்ளோதான்."

அப்போதுதான் ஜானகிராமன் அந்த வார்த்தையைச் சொன்னார். "கழட்டினது யார் ஸ்பானர் துலுக்கானம்? யோசிச்சுப் பேசு."

துலுக்கானம் வெளியே வந்தார். அவர் முகத்தில் கோபம்கூட இல்லை. பதினேழு வருஷத்தை அந்த அறையிலேயே விட்டுவிட்டு வந்தவர் மாதிரி இருந்தார்.

மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும், கை கழுவுகிற குழாய்க்குப் பக்கத்தில் எல்லோரையும் நிற்கச் சொன்னார். சோற்றுத் தூக்கைக்கூட யாரும் திறக்கவில்லை.

"உத்தமன் கார்ட தொடவே இல்ல. கழட்டினவன் நான். முதலாளி சொன்னாரு, கழட்டினேன். அவன் மேல பழி போட்ட பேப்பர்ல கையெழுத்து போட்டவனும் நான் தான். படிக்கத் தெரியாம போட்டேன்னு சொல்லிக்கலாம். ஆனா கேக்கத் தெரியும் இல்ல? கேக்கல. தப்பு என்னுது."

முதலில் வாயைத் திறந்தவன் நாலாம் நம்பர் மெஷினை ஓட்டுகிற வேம்புலி. "யோவ், முதலாளிய எவன்யா பாத்தான்? உன்ன நம்பித்தானே உள்ள கைய வுட்டோம்! நீ ஓட்டுன்ன, ஓட்டினோம்!"

"ஆமா" என்றார் துலுக்கானம். ஒரு சமாதானமும் சொல்லவில்லை. அவன் இன்னும் நாலு வார்த்தை அசிங்கமாகவே சொன்னான். அதற்கும் நின்றார். திட்டித் தீர்ந்த பிறகு வேம்புலியே, "இப்பவே மெஷின நிறுத்திட்டு வெளிய போவோம்" என்றான். பாதிப்பேர் கிளம்பிவிட்டார்கள்.

"போவலாம்" என்றார் துலுக்கானம். "போனா நம்மள திமிர் புடிச்சவனுங்கன்னு சொல்லுவாங்க, உத்தமன் பேரு அப்டியே கெட்டு கெடக்கும். கார்டு இல்லாம ஓட்டக் கூடாதுன்னு அவரு வாயாலயே வரணும். விஜயதசமி வரைக்கும் பொறுங்க. அதுவரைக்கும் அந்த மூணு மெஷின்லயும் யாரும் கைய வெக்காதீங்க. டை பழுதுன்னு நான் சொல்லிக்கிறேன்."

எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம். ஆயுத பூஜை அன்று மெஷின்களுக்குச் சந்தனம் பூசி ஓய்வு கொடுப்போம். மறுநாள் விஜயதசமி காலை மறுபூஜை. கற்பூரம் காட்டி முடிந்ததும், அந்த வருஷத்தின் முதல் பீஸை முதலாளிதான் தன் கையால் போட வேண்டும். அது ஓடின பிறகுதான் மற்ற பிரஸ்கள் ஓடும். கண்ணாடி அறைக்குப் போன வருஷமும் ஜானகிராமன் அதை விடவில்லை. இரண்டாம் நம்பர்தான் அவர் முதன்முதலில் வாங்கிய பிரஸ், எப்போதும் அதில்தான் போடுவார்.

பூஜைக்கு முந்தின ஞாயிறு துலுக்கானம் பருத்திப்பட்டுக்குப் போனார். புஷ்பா கதவைப் பாதிதான் திறந்தாள். உத்தமன் உள்ளேயிருந்து வரவேயில்லை. "விஜயதசமிக்கு வரச் சொல்லும்மா. பூஜைக்கு வர்றவன எவனும் கேட்ல நிறுத்த முடியாது" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஏரிக்கரையோரமாக நடந்து பஸ் ஸ்டாப்புக்குத் திரும்பினார்.

விஜயதசமி அன்று காலை ஒன்பது மணிக்கு எல்லோரும் வெள்ளை வேட்டி சட்டையில் இருந்தோம். உத்தமன் வந்திருந்தான். வலது கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு, புஷ்பாவோடு தூண் ஓரமாக நின்றான். துலுக்கானம் பக்கம் அவன் திரும்பவில்லை. பட்டுக்கரை வேட்டியும் விபூதியுமாக முதலாளி வந்தார். உத்தமனைப் பார்த்து ஒரு கணம் தயங்கினார். கற்பூரம் காட்டினோம். பூசணிக்காய் உடைந்தது. முதலாளி வழக்கம்போல இரண்டாம் நம்பர் பக்கம் நடந்தார்.

"இந்த வருசம் மூணாவதுல போடுங்க முதலாளி" என்றார் துலுக்கானம். பெரிய மாலை அதற்குத்தான் போட்டிருந்தது. "ரத்தம் பாத்த மெஷினு. உங்க கை பட்டாத்தான் தோஷம் போவும்."

அதை யாரும் மறுக்க முடியாது. முதலாளி தலையாட்டிவிட்டு மூன்றாம் நம்பர் ஸ்டூலில் உட்கார்ந்தார். மோட்டார் ஓடியது. துலுக்கானம் ஒரு தகட்டை எடுத்துப் பணிவாக நீட்டினார். முதலாளி அதை வாங்கி, கையை உள்ளே விட்டு டையின் மேல் வைத்தார். கால் பெடலுக்குப் போயிற்று. அங்கேயே நின்றது. கையை வெடுக்கென்று வெளியே எடுத்துக்கொண்டார்.

நாற்பது பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"கார்டு எங்கப்பா?" என்றார்.

கேள்வி எனக்கானது, எனக்கே தெரிந்தது. ஸ்டோர் சாவி என் இடுப்பில்தான் இருந்தது. சொல்லிவிட்டேன். "ஸ்டோர்ல இருக்கு சார். நீங்கதான் வைக்கச் சொன்னீங்க."

"கார்டு இல்லாம எப்படிப்பா மிதிக்கிறது? கை போயிடும்!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. துலுக்கானம் குரலை உயர்த்தவில்லை.

"உத்தமன் அப்டித்தான் முதலாளி மிதிச்சான். நீங்க பொறுப்புன்னு சொன்னதால மிதிச்சான்."

முதலாளி எழுந்தார். தூண் ஓரம் நின்ற உத்தமனைப் பார்த்தார். பிறகு தன் கையையே ஒரு தடவை பார்த்துக்கொண்டார். கோபித்துக்கொண்டு அறைக்குள் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அறைக்குள் போகத்தான் செய்தார், ஆனால் கால் மணி நேரத்தில் பேப்பரோடு வந்தார். "டைப் அடிச்சுக் கொடு லட்சுமணா" என்று என் பக்கம் நீட்டினார்.

"வேணாம் முதலாளி" என்றார் துலுக்கானம். "தமிழ்ல, உங்க கையால எழுதுங்க. எங்களுக்குப் புரியற மாதிரி."

பூஜைத் தட்டை நகர்த்திவிட்டு அந்த மேஜையிலேயே எழுதினார். கார்டைக் கழற்றச் சொன்னது நான், உத்தமன் மேல் எந்தத் தப்பும் இல்லை, முந்தைய ரிப்போர்ட் தவறு, அவர் வேலையில் தொடர்கிறார். துலுக்கானம் அதை வாங்கி, உதடு அசைய, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். முதலாளி நின்றுகொண்டே இருந்தார். ஒரு இடத்தில் துலுக்கானம் விரலை வைத்து, "இது இன்னா வார்த்த?" என்று கேட்டார். முதலாளி சொன்னார். படித்து முடித்த பிறகே துலுக்கானம் கையெழுத்துப் போட்டார். உத்தமனும் போட்டான். கைநாட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இடது கையால், கோணல்மாணலாக, முழுப் பெயரையும் எழுதினான். வீட்டில் ஒரு மாதமாகப் பழகியிருந்தானாம்.

துலுக்கானம் பெடலுக்கு அடியில் கையை விட்டு ஏதோ கம்பியைக் கொக்கியில் மாட்டினார். முன்னாடியே அதைக் கழற்றி வைத்திருந்திருக்கிறார். முதலாளி மிதித்திருந்தாலும் இரும்பு இறங்கியிருக்காது. ஏன் என்று பிற்பாடு கேட்டேன். "ஒர்த்தன் வெரல் போனது போதாதா?" என்றார்.

கார்டுகள் மூன்றையும் நானும் வேம்புலியுமாகத் தூக்கி வந்தோம். துலுக்கானம் மாட்டினார். முதலாளி மூன்றாம் நம்பரில் முதல் பீஸைப் போட்டார். எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு, பழைய குரலில், "ம், ஓட்டுங்கப்பா" என்றார்.

ஒருவரும் அசையவில்லை.

"ஓட்டுங்கப்பா, நான் இருக்கேன்" என்றார் திரும்பவும்.

செட்டர் சொன்னால் ஓட்டுவார்கள் என்று நான் துலுக்கானத்தைப் பார்த்தேன். எல்லோரும்தான் பார்த்தார்கள். அவர் நேராகத் தூண் ஓரம் போனார்.

"உத்தமா, நான் சொன்னா இனிமே நம்ப வேணாம். நீ பாத்து சொல்லு."

உத்தமன் அவர் முகத்தைப் பார்க்காமலேயே வந்தான். பதினொரு பிரஸ்ஸின் கார்டுகளையும் இடது கையால் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தான், ஆட்டிப் பார்த்தான், மூடித் திறந்தான். அவசரமே படவில்லை. முதலாளி நின்றார், நாங்கள் நின்றோம், புஷ்பா தூண் ஓரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியாக மூன்றாம் நம்பருக்கு வந்தான். அதன் கூண்டை இரண்டு தடவை ஆட்டினான். இரண்டு மாதத்துக்குப் பிறகு துலுக்கானத்திடம் பேசினான்.

"அண்ணாத்தே, இதுல ஒரு நட்டு லூசா கீது."

துலுக்கானம் வெள்ளை வேட்டியோடு தரையில் மண்டி போட்டு, அதை முடுக்கினார். உத்தமன் திரும்ப ஆட்டிப் பார்த்தான். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "ஓட்டலாம்டா" என்றான்.

பதினொரு பிரஸ்ஸும் ஓடின.